தகரக் கொட்டகையில் எழுந்த சிரிப்பொலி

குவார்ட்டர்ஸின் கூரை ஒழுகுகிறது, குழாயில் நீர் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வது காலனிவாழ் மக்களாகிய நமக்குப் பழகிப்போன ஒன்று. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் விமானத் தளங்களில் வாழ்ந்த குண்டுவீச்சு விமானிகளின் கதையைக் கேட்டால், நம் வீடுகள் அரண்மனைகளே என்று தோன்றும்.

லிங்கன்ஷயர் வட்டாரத்தில் வயல்வெளிகள் பல விமானத் தளங்களாயின. அங்கே விமானிகளிற் பலருக்குக் கிடைத்த உறைவிடம் ‘நிசன் கொட்டகை’. பீட்டர் நிசன் என்னும் பொறியாளர் 1916-ஆம் ஆண்டில் வகுத்த அமைப்பு அது. நெளித்தகரத்தை அரைவட்டமாக வளைத்துக் கவிழ்த்தால் கொட்டகை ஆயிற்று! நடுவே ஓர் இரும்படுப்பு. அதனருகே படுத்தவன் வெந்தான். கோடியில் படுத்தவன் விறைத்தான். பங்கீட்டுக் கரி போதாமையால், நள்ளிரவில் வேலியேறிக் கிடங்குக் கரியைக் களவாடுவது ஒரு கலையாகவே வளர்ந்தது. பகைவர் குண்டுக்கு அனைவரும் ஒருங்கே இரையாகாதிருக்கக் கொட்டகைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தனர். ஆகவே உணவுக்கும் குளியலுக்கும் சேற்றில் சைக்கிள் மிதிக்க வேண்டும்.

உணவு விடுதியில் நடந்த கூத்துக்கோ அளவில்லை. ஒருவனுடைய பாதங்களில் கரியைப் பூசி, நாற்காலிகளை அடுக்கி, அவனைத் தலைகீழாகத் தூக்கிப் பிடிப்பார்கள். மறுநாள் பார்த்தால், சுவரேறி மேற்கூரையில் யாரோ நடந்து சென்ற அடிச்சுவடுகள்!

பொதுமக்களுக்கு முட்டை அரிதாயிருந்த காலத்தில், குண்டுவீசச் செல்லும் விமானிக்குப் பொரித்த முட்டை உண்டு. “நீ திரும்பி வராவிட்டால் உன் முட்டை எனக்குத்தானே?” என்று தோழனைக் கேட்பது அவர்களிடையே வழங்கிய வேடிக்கை.

அந்த வேடிக்கையின் அடியில் மெய் இருந்தது. குண்டுவீச்சுப் படையில் பறந்தோர் ஏறத்தாழ 1,25,000 பேர். மாண்டோர் 55,573 பேர். லங்காஸ்டர் விமானம் ஒன்றில் எழுவர் செல்வர். அது திரும்பாவிடின் ஒரே இரவில் ஏழு கட்டில்கள் வெறுமையாகும். அவர்களுடைய உடைமைகளை அதிகாரிகள் திரட்டிச் செல்வர். விரைவிலேயே புதிய இளைஞர்கள் அக்கட்டில்களில் படுப்பர். 30 முறை பறந்து மீண்டால்தான் ஒரு சுற்றுப் பணி முடியும். அழுதுகொண்டிருக்க அவகாசம் ஏது?

அவர்கள் வீசிய குண்டுகளால் ஜெர்மானிய நகரங்களில் மாண்ட பொதுமக்கள் பல இலட்சம் என்பதையும் வரலாறு மறைப்பதில்லை. போர் எப்பக்கமும் இரக்கமற்றது.

துன்பம் வருங்கால் நகைக்கச் சொன்னார் வள்ளுவர். அக்குறளை அறியாத இளைஞர்கள், அதன் பொருளைத் தகரக் கொட்டகையில் வாழ்ந்து காட்டினர். லிங்கன் நகரில் 2018-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நினைவு மையத்தின் சுவர்களில் மாண்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கூரையில் அடிச்சுவடு பதித்து நகைத்தவர் பலரின் பெயர்களும் அவற்றுள் இருக்கும்.