குவாடலூப் தீவின் மரங்கொத்தி

கரிபியன் கடலின் கிழக்கெல்லையிலே, பிரான்சு தேசத்தின் ஆட்சிக்குட்பட்ட குவாடலூப் என்னுந் தீவொன்றுண்டு. உலகில் வேறெங்குங் காணப்பெறாத மரங்கொத்தியொன்று ஆங்கே வாழ்கின்றது. உடல் முழுதுங் கருமை; வயிற்றுப்புறத்தில் மட்டும் செம்மை படர்ந்திருக்கும். 1830-ம் ஆண்டில் லெசோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனை நூலில் வருணித்து, அத்தீவில் வாழ்ந்த லெர்மினியே என்னும் இயற்கை ஆராய்ச்சியாளரின் பெயரைச் சூட்டினார். தீவு மக்களோ இதனைத் 'தப்பேர்', அஃதாவது தட்டுவோன், என்றே அழைப்பர். அறிஞரிட்ட பெயரினும் பாமரரிட்ட பெயரே பொருத்தமுடைத்தென்போம்.

எங்கோ கிடக்கும் ஒரு பறவையின் வரலாறு நமக்கெதற்கு என்று நேயர்கள் வினவலாம். அத்தீவின் வரலாற்றில் நம்மவர் கண்ணீருங் கலந்துள்ளது. 1848-ல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆளின்றித் தவித்தனர். 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்னுங் கப்பல் முதன்முதலாக இந்தியக் கூலிகளை அங்குக் கொண்டுபோய் இறக்கிற்று. 1889 வரை சென்றோர் நாற்பதினாயிரவர்க்கு மேற்பட்டோர். புதுவை, காரைக்கால் துறைகளிற் கப்பலேறிய தமிழர் அவருட் பலர். அவர் வழித்தோன்றல்களுக்குங்கூடக் குடியுரிமை எளிதிற் கிட்டவில்லை. 1863-ல் அத்தீவிலே பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பார் 1904-ல் தொடங்கிய உரிமைப் போர் 1923-ல்தான் வெற்றி கண்டது.

இனி, பறவைக்கு வருவோம். அது கூடு குடைவது பெரும்பாலும் பட்ட மரத்தில்; பட்ட தென்னை அதற்கு மிகவும் உகந்தது. வீட்டின்மேலும் வீதியிலும் விழுமென்றஞ்சிப் பட்ட மரங்களை மனிதர் வெட்டிவிடுகின்றனர். எஞ்சியவற்றைப் புயல் சாய்க்கிறது. 1989 செப்டம்பரில் வீசிய ஊகோ என்னும் பெரும்புயல் அத்தீவின் காடுகளை மிகவும் அழித்தது. மேலும், அகன்ற வெட்டவெளியைக் கடந்து பறக்க இப்பறவை விரும்புவதில்லை. ஆதலின் சாலையும் கட்டடமும் காட்டைத் துண்டாடினால், அதன் இனமும் துண்டுபடும். அவ்வாண்டிலேயே அங்குத் தேசியப் பூங்கா நிறுவப்பட்டது நன்றே. ஆயினும் பூங்காவுக்கு வெளியே நிற்கும் பட்ட மரத்தைக் காக்க ஊராரின் மனமே வேலியாக வேண்டும்.

காய்க்காத மரம் பயனற்றதென்பது முதலாளியின் கணக்கு. உழைத்தோய்ந்த தொழிலாளியையும் அக்கணக்கிலேதான் அவன் எழுதினான். அக்கணக்கு பொய்யென்பதைச் சிதம்பரனார் பத்தொன்பதாண்டுகள் போராடி மெய்ப்பித்தார். பட்ட தென்னையிற் குஞ்சு பொரிக்கும் பறவையும் அதனையே மெய்ப்பிக்கின்றது. நம் தோட்டத்து மரங்கொத்தியை நோக்கிக் கவணெடுக்கும் சிறுவர்க்கு, பெற்றோர் இவ்விரு வரலாற்றையும் எடுத்துரைப்பாராக.