கொக்காவில் கோபுரமும் கொக்கத்தடி அன்ரனாவும்

ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டிக் கிளிநொச்சிப் பக்கம் போகேக்க கொக்காவிலில் ஒரு கோபுரம் நிக்கும். உயரம் 174 மீற்றர். 2011 யூனில் திறந்தது. பஸ்ஸில போற எங்கட வயசுக்காரருக்கு அது இன்னொரு சிக்னல் கம்பம், அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் ரீவிக்காகவே ஒரு முகாம் இருந்தது, சண்டை நடந்தது. ஏன் எண்டு விளங்க ஒரு சின்னக் கணக்குத் தெரிந்தால் போதும்.

ரீவி அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமி வளைந்தது. அதனால் ஒரு தூரத்துக்கு அப்பால் அலை எங்கட தலைக்கு மேலால போய்விடும். கோபுரத்தின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் அந்தத் தூரம் கிலோமீற்றரில் வரும். 1982 பெப்ரவரியில் தொடங்கிய ரூபவாஹினி, பிதுருதலாகலை மலையில் இருந்து ஒளிபரப்பியது. மலையின் உயரம் 2,524 மீற்றர். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 206 கிலோமீற்றர். மாங்குளமோ நேர்கோட்டில் 230 கிலோமீற்றருக்கும் அப்பால். இடையில் அலையை வாங்கித் திருப்பி அனுப்ப ஒரு நிலையம் வேணும். அதுதான் கொக்காவில்.

அந்த நிலையத்தைக் காக்கத்தான் அங்கே இராணுவ முகாம் போட்டவை. 1990 நடுப்பகுதியில் புலிகள் அதைப் பிடித்தார்கள். அங்கே இறந்த அதிகாரி சாலிய அலதெனியவுக்குப் பிறகு 'பரம வீர விபூஷணய' விருது கொடுக்கப்பட்டது. அதே வருசம் நவம்பரில் மாங்குளம் முகாமும் விழுந்தது. பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருளும் பற்றறியும் தடைப்பட்டியலில். ரீவி இருந்த வீட்டிலயும் அது ஒரு பெட்டிதான். சைக்கிளைத் தலைகீழாக வைத்து, பெடலைச் சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம் அது. ஒருத்தர் சுத்த, சுத்தி இருந்து நாலு வீட்டு ஆக்கள் பிபிசி தமிழோசை கேட்பினம்.

2002இல் சமாதானமும் பாதையும் வந்த பிறகு ரீவியும் ஜெனரேற்றரும் வந்தன. ஒளிபரப்பு மட்டும் சமாதானமான விசயமாக ஒருநாளும் இருக்கவில்லை. 2007 நவம்பர் 27இல் கிளிநொச்சியில் புலிகளின் குரல் வானொலி நிலையத்தில் விமானத்தில் இருந்து குண்டு போட்டார்கள். ஊழியர்களும் பொதுமக்களும் செத்தார்கள். கோபுரம் யாரிட்டை இருக்கோ அவரின் குரல்தான் கேட்கும். அதனால்தான் எல்லாரும் கோபுரத்தை அடித்தார்கள்.

வாங்கிற பக்கத்துக் கதை வேறை. கமுக மரம், கொக்கத்தடி, பழைய அலுமினியக் கம்பி, சட்டி மூடி, கொஞ்ச வயர். ஒருத்தர் கூரையில், ஒருத்தர் முத்தத்தில், ஒருத்தர் ரீவிக்கு முன்னால். "இப்ப தெரியுதோ?" "இல்லை, முந்தித்தான் நல்லா இருந்தது!" இதைக் கையால் பழகினவைக்கு ஆரும் பாடம் எடுக்கவில்லை. ஆனால் அதற்குள்ளயும் கணக்கு இருக்கு. 300ஐ அலைவரிசையின் மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீற்றரில் வரும். அதில் பாதிதான் கம்பியின் நீளம். 200 மெகாஹேர்ட்ஸ் எண்டால் 75 சென்ரிமீற்றர்; 600 எண்டால் 25. பின்னால் கொஞ்சம் நீளமான கம்பி, முன்னால் கொஞ்சம் குறைந்த கம்பிகள் வைத்தால் கூரைகளில் பார்த்த மீன்முள்ளு அன்ரனா.

இந்த மீன்முள்ளு யப்பானில் ஷின்தாரோ உதா, ஹிதெத்சுகு யாகி எண்ட இரண்டு பேர் 1926இல் வெளியிட்ட வேலை. 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த யப்பான் படைக்கு ஒரு பிரித்தானிய ராடார்க்காரரின் குறிப்புக் கொப்பி கிடைத்தது. அதில் 'யாகி' எண்ட சொல் திரும்பத் திரும்ப வந்தது. அர்த்தம் விளங்காமல் ஒரு கைதியிட்டைக் கேட்க, "அது உங்கட ஆளின்ர பேர்தானே" எண்டு அவர் சொன்னதாகக் கதை. தங்கட வீட்டில் இருந்த அறிவின் பெறுமதி தங்களுக்கே தெரியாமல் போனது.

இதை ஏன் இப்ப கதைக்கிறம்? 2014இல் இலங்கை யப்பானிய டிஜிட்டல் முறையைத் தெரிவு செய்தது. மாற்றம் இழுபட்டுக்கொண்டே போகுது. அது வரேக்க "டிஜிட்டல் அன்ரனா" எண்டு விலை கூடின பெட்டிகளும் வரும். அன்ரனாவுக்கு டிஜிட்டல், அனலாக் வித்தியாசம் தெரியாது. அலைவரிசைக்குச் சரியான நீளமா எண்டதுதான் விசயம். மாற வேண்டியது ரீவி, அல்லது அதோட பூட்டிற பெட்டி. ஒரு வித்தியாசம் மட்டும்: அனலாக்கில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும், டிஜிட்டலில் ஒரு எல்லைக்குக் கீழே ஒண்டும் இல்லை. ஆனால் கொக்காவில் கோபுரத்தின் 174 மீற்றருக்குக் கணக்குப் போட்டால் 54 கிலோமீற்றர் வருது. மாங்குளத்துக்கு அவ்வளவு தேவையில்லை. அங்கிருந்து டிஜிட்டல் வந்தால் அளவாக வெட்டின இரண்டு கம்பியே காணும்.

மாசம் மாசம் டிஷ்ஷுக்குக் காசு கட்ட ஏலாத வீடுகள் எங்கட ஊர்களில் இருக்கு. கூரையில் கிடக்கிற மீன்முள்ளைப் பழைய இரும்புக்காரருக்குக் குடுக்க முதல், அதைக் கட்டினவரிட்டை ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ, எப்பிடிக் கட்டினது எண்டு.