குரோம்பேட்டை: தோல் தொழிலும் கழிவுநீர்க் கணக்கும்

குரோம்பேட்டை, சென்னையின் தெற்குப் புறநகரில் பல்லாவரத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே அமைந்துள்ள ஊர். 2021-ஆம் ஆண்டு உருவான தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. குரோம் உப்பு கொண்டு தோல் பதனிட்ட ஒரு தொழிற்சாலையிலிருந்து இவ்வூர் தன் பெயரைப் பெற்றது. அத்தொழில் பலருக்கு வேலை தந்தது. அதே தொழிலின் கழிவுநீர் சுற்றுப்புறத்தின் நிலத்தடி நீரைக் கெடுத்தது. ஆதாயம் ஒருவருக்கும் சேதம் மற்றொருவருக்கும் சேரும்போது அச்சேதத்திற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இந்திய நீதித்துறை அளித்த முக்கியமான விடையில் இப்பகுதிக்கும் பங்கு உண்டு.

குரோம் வந்த கதை

தமிழ்நாட்டில் தோல் பதனிடுதல் பழமையான தொழில். ஆவாரம் பட்டை, கடுக்காய் முதலியவற்றை ஊறவைத்த நீரில் தோலைப் பல வாரங்கள் இட்டுப் பதப்படுத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் குரோம் உப்பைப் பயன்படுத்தும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாட்களில் முடிந்தது. தோலும் நீரையும் வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கியது.

இம்முறையைச் சென்னை மாகாணத்தில் பரப்ப முயன்றவர் பொறியியல் பேராசிரியரான ஆல்ஃபிரட் சாட்டர்டன். 1903-இல் அவர் தொடங்கிய சோதனைகளின் நோக்கங்களுள் ஒன்று, உழவர்கள் கிணற்றில் கவலை இறைக்கும் தோல் சாலை நீண்ட நாள் உழைக்கச் செய்வது. அரசே தொழில் நடத்துவதை இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு 1910-இல் ஏற்கவில்லை. ஆகவே அரசின் பதனிடும் ஆலை கைமாறியது. தனியார் முயற்சிகள் தொடர்ந்தன. 1912-ஆம் ஆண்டு வாக்கில் சேம்பர்ஸ் குடும்பத்தார் பல்லாவரம் அருகே குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினர். அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பே குரோம்பேட்டை.

கிணறும் கழிவும்

பின்னர் குரோம்பேட்டையை அடுத்த நாகல்கேணி, பம்மல் பகுதிகளில் சிறிதும் பெரிதுமாகப் பல தோல் ஆலைகள் பெருகின. கேணி என்றால் கிணறு. கிணற்றைப் பெயரில் கொண்ட ஊரின் நிலத்தடி நீரே பின்னாளில் கெட்டது.

ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் வரை நீர் செலவாகும். அந்நீர் பெரும்பகுதி கழிவாகவே வெளியேறும். பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தடவப்படும் சாதாரண உப்பு, மயிர் நீக்கப் பயன்படும் சுண்ணாம்பும் சல்பைடும், தோலில் ஏறாமல் தங்கிவிடும் குரோமியம் ஆகியவை அதில் கலந்திருக்கும். பழைய முறையில் இடப்படும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் சேராமல் நீரோடு போய்விடும்.

ஆலை முதலாளியின் கணக்கேட்டில் தோல் விலை, கூலி, மருந்துச் செலவு எல்லாம் பதிவாயின. பக்கத்து வீட்டுக் கிணறு உப்பானது மட்டும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அந்தச் செலவை, குடிநீருக்காகக் குடத்துடன் வேறிடம் தேடிப் போனவர்கள் சுமந்தனர்.

1996 தீர்ப்பு

தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-இலும், போபால் விபத்திற்குப் பின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-இலும் வந்தன. ஆயினும் கழிவு ஓடிக்கொண்டே இருந்தது. இந்நிலையில் வேலூர் குடிமக்கள் நல மன்றம், பாலாற்றுப் பகுதித் தோல் ஆலைகளின் கழிவு குறித்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தது.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வழங்கியது. தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது, பலருக்கு வேலை தருகிறது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்காகச் சூழலை அழிக்கவும் மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கவும் உரிமை இல்லை என்றது. தீர்ப்பின் முக்கியக் கூறுகள்:

- நீடித்த வளர்ச்சி என்னும் கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி.
- தன் தொழிலால் சூழலுக்குக் கேடில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது.
- மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதோடு, கெட்ட சூழலைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும்.
- இன்று சுத்திகரிப்புக் கருவி வைத்திருந்தாலும், முன்பு செய்த மாசுக்குப் பொறுப்பு நீங்காது.

வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். ஆகிய ஐந்து மாவட்டங்களின் ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. குரோம்பேட்டையும் பல்லாவரமும் அன்று செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தன. இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையத்தை அமைக்குமாறு மத்திய அரசுக்கும் உத்தரவிடப்பட்டது.

பொதுச் சுத்திகரிப்பும் பணமும்

சிறிய ஆலை ஒவ்வொன்றும் தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது இயலாது. எனவே பல ஆலைகள் கூடி ஒரே நிலையம் அமைக்கும் திட்டத்தை 1990-களில் மத்திய அரசு ஊக்குவித்தது. திட்டச் செலவில் மத்திய அரசு 25 விழுக்காடு, மாநில அரசு 25 விழுக்காடு மானியம். நிதி நிறுவனக் கடன் 30 விழுக்காடு. ஆலையாளர் பங்கு 20 விழுக்காடு. பல்லாவரம் வட்டாரத் தோல் ஆலைகளும் இவ்வாறு கூட்டாக ஒரு நிறுவனம் அமைத்தன.

இதிலும் ஒரு குறை நின்றது. வழக்கமான சுத்திகரிப்பு முறை கரிமக் கழிவையும் குரோமியத்தையும் குறைக்கும்; நீரில் கரைந்த உப்பை நீக்காது. அதற்கு எதிர்ச் சவ்வூடு பரவல் முறையும், பிரிந்த உப்பு நீரை ஆவியாக்கும் கருவிகளும் வேண்டும். இரண்டுக்கும் செலவு அதிகம்.

கல்வியும் சந்தையும்

சென்னை அடையாற்றில் 1948-இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் பெரும் பணி ஆற்றியுள்ளது. டாக்டர் ஒய். நாயுடம்மா அதன் புகழ்பெற்ற இயக்குநர். அழகப்பா செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியுடன் இணைந்து இந்நிலையம் தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பும் நடத்தியது. பயன்படுத்திய குரோம் நீரைத் தனியே பிரித்து, மக்னீசியம் ஆக்சைடால் வீழ்படிவாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்தும் முறை ஆலைகளுக்குக் கற்பிக்கப்பட்டது. தோலை நனைக்கும் முன்பே உப்பை உதறி எடுப்பது அதனினும் எளிய வழி.

சந்தையும் பாடம் கற்பித்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்க இடப்பட்ட பென்டாகுளோரோபீனாலை ஜெர்மனி 1989-இல் தடை செய்தது. ஏற்றுமதியை இழக்க விரும்பாத ஆலைகள் விரைவிலேயே மாற்று மருந்துக்கு மாறின. தொலைவில் காலணி அணிபவரின் நலத்திற்காக உடனே மாற முடிந்த தொழில், பக்கத்துத் தெருவின் கிணற்றுக்காக மாற நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

வரலாறு உணர்த்துவது

வணிக அறம் என்பது இலாபத்தில் ஒரு பகுதியைத் தருமத்திற்குக் கொடுப்பதோடு முடிவதன்று. தொழிலின் முழுச் செலவையும் தன் கணக்கிலேயே எழுதுவதுதான் அதன் முதற்படி. கவலைச் சாலுக்காகச் சோதிக்கப்பட்ட குரோம் தோல், கிணறுகளைக் கெடுக்கும் தொழிலாக வளர்ந்ததற்கு வேதியியல் மட்டும் காரணமன்று. விட்டுப்போன அந்தக் கணக்கும் காரணம்.