பாராசிட்டமாலுக்கு எதற்கு சீட்டு?

ஸ்ரீமுஷ்ணம் கடைத்தெருவில் எந்த மெடிக்கலில் போய் நின்று "காய்ச்சல் மாத்திரை ரெண்டு குடுங்க" என்றாலும் பாராசிட்டமால் கிடைத்துவிடும். கடைக்காரர் சீட்டு கேட்பதில்லை. கேட்கச் சொல்லி சட்டமும் இல்லை. அதே மாத்திரைக்காக காலையிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், ஓ.பி. சீட்டு போட்டு, டாக்டரிடம் எழுதி வாங்கி, மருந்து கொடுக்கும் ஜன்னலில் மறுபடி வரிசையில் நிற்பவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். கேட்டாலே கிடைக்கிற மருந்தை டாக்டர் ஏன் மெனக்கெட்டு எழுதுகிறார்?

"எல்லாம் கமிஷன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுபவர்கள் உண்டு. இலவச பாராசிட்டமாலில் அரசு டாக்டருக்கு என்ன கமிஷன் வரும்? பதில் தெரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆரம்பத்தில் மருந்துச்சீட்டு ஒரு செய்முறைக் குறிப்பு. அதன் தலையில் போடும் ஆர்எக்ஸ் குறி, 'ரெசிபி' என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். 'எடுத்துக்கொள்' என்று அர்த்தம். கட்டளை நோயாளிக்கு இல்லை, மருந்து கலப்பவருக்கு. இதில் இவ்வளவு எடு, அதில் அவ்வளவு எடு, கலந்து கொடு. கம்பவுண்டர் மிக்ஸ்சர் கலக்கி, வேளைக்கு ஒரு பல் வீதம் வெட்டிய காகிதத்தை பாட்டிலில் ஒட்டித் தருவாரே, அந்தக் காலம். (சமையல் ரெசிபியும் இதே குடும்பம்தான்!)

அந்தக் காலத்திலேயே சீட்டில்லாத மருந்தும் இருந்தது. மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா. இதற்கான சின்கோனா மரங்களை ஆங்கிலேயர்கள் 1860களில் நீலகிரியில் நட்டார்கள். நடுவட்டத்தில் அரசுத் தொழிற்சாலையே இருந்தது. 1892ல் வங்காளத்தில் தபால் ஆபீஸ்களில் கொயினாவைப் பொட்டலம் கட்டி விற்க ஆரம்பித்தார்கள். பொட்டலம் காலணா. ஸ்டாம்ப் வாங்குகிற இடத்திலேயே மருந்து! அதையேதான் ஆஸ்பத்திரி டாக்டரும் எழுதிக்கொண்டிருந்தார். ஆக இந்த இரட்டை வழி இன்று நேற்று வந்ததில்லை.

பிறகு கலப்படம் பெருகியது. கொயினாவிலேயே போலி வந்தது. 1930ல் கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். 1940ல் மருந்துச் சட்டமும், 1945ல் அதன் விதிகளும் வந்தன. சீட்டு 'அனுமதி' ஆனது இந்த வழியில்தான். எச், எச்1, எக்ஸ் என்ற அட்டவணைகளில் இருக்கும் மருந்துகளுக்கு சீட்டு கட்டாயம். சீட்டு வேண்டாதவை எவை என்று நம் சட்டம் தனியாகப் பட்டியல் போடவில்லை. அட்டவணையில் இல்லாவிட்டால் கேட்டு வாங்கலாம், அவ்வளவுதான். கே அட்டவணை இன்னும் ஒரு படி மேலே. ஆயிரம் பேருக்கு மிகாத கிராமத்தில் பாராசிட்டமால், ஆஸ்பிரின், தைலம் போன்றவற்றை லைசென்ஸ் இல்லாமலே விற்கலாம். பட்டியலில் கொயினா மாத்திரையும் இருக்கிறது, தபால் ஆபீஸ் ஞாபகமோ என்னவோ.

இத்தனை தாராளம் இருந்தும் ஆஸ்பத்திரியில் ஏன் எழுதுகிறார்கள்? தமிழ்நாட்டைப் பொறுத்தவரை முக்கியமான பதில் 1994ல் இருக்கிறது. அந்த வருஷம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. 1995ல் மருந்து விநியோகத்தை ஆரம்பித்தது. மருந்துகளை பிராண்ட் பெயர் இல்லாமல், மூலப்பெயரில், மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குவது. மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறினால்தான் கிடங்கிலிருந்து வெளியே விடுவது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் போல ஒரு பாஸ்புக். தனக்கான தொகைக்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மாத்திரை அட்டையிலேயே தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருப்பார்கள், கவனித்திருப்பீர்கள். 2011ல் ராஜஸ்தான் இலவச மருந்துத் திட்டம் கொண்டுவந்தபோது பார்த்துக்கொண்டது இந்த மாதிரியைத்தான்.

அந்த அட்டை ஜன்னலைத் தாண்டி வெளியே வர டாக்டரின் கையெழுத்து வேண்டும். மெடிக்கலில் தேவைப்படாத அதே சீட்டு இங்கே செக் மாதிரி. பணம் அரசுடையது, எடுப்பவர் நோயாளி. இரண்டு பாராசிட்டமால் பெரிய காசில்லை என்று தோன்றும். கர்ப்பிணிக்கு மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இருமல் மருந்து, மாமியாருக்கு மூட்டுவலி மாத்திரை என்று சேர்த்துப் பாருங்கள். நடவுக்கூலியில் வாழும் வீட்டுக்கு அந்தச் சீட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

பணக்கார நாடுகளிலும் கதை இதேதான். அமெரிக்காவில் சீட்டு மருந்து, சீட்டில்லா மருந்து என்று சட்டப்படி பிரித்தது 1951ல். திருத்தத்தைக் கொண்டுவந்த டர்ஹாம், ஹம்ப்ரி இருவருமே மருந்தாளுநர்கள். 2011ல் அங்கே ஒரு விதி வந்தது: வரிச்சலுகை உள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து சாதாரண மாத்திரை வாங்கவும் டாக்டர் சீட்டு வேண்டும். தலைவலி மாத்திரைக்கெல்லாம் டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டியதாயிற்று. 2020ல்தான் அந்த விதி போனது. பிரிட்டனில் காரணம் வேறு. 1998லிருந்து அங்கே சாதாரணக் கடைகளில் ஒரு பெட்டிக்கு 16 பாராசிட்டமால்தான். தினம் எட்டு மாத்திரை தேவைப்படும் மூட்டுவலிக்காரருக்கு அது இரண்டு நாள்கூடத் தாண்டாது. அவருக்குச் சீட்டு வாங்கிக்கொள்வதே வசதி.

காசு தவிர இன்னொரு காரணமும் உண்டு, அது நம் ஊருக்கே உரியது. மெடிக்கலில் "காய்ச்சல், உடம்பு வலி" என்றால் பல சமயம் வருவது ஒரு மாத்திரை அல்ல, ஒரு 'செட்'. கலர் கலராக மூன்று நான்கு, காகிதத்தில் மடித்து. அதில் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரை இருக்கலாம், ஸ்டீராய்டுகூட இருக்கலாம். வந்திருப்பது டெங்குவாக இருந்தால் இந்த வலி மாத்திரைகள் ரத்தக்கசிவை மோசமாக்கும். மழைக்காலத்துக் காய்ச்சலுக்கு டாக்டர் வெறும் பாராசிட்டமாலை மட்டும் எழுதி, குழந்தையின் எடையைப் பார்த்து, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்றும் குறித்துக் கொடுத்தால், அந்தச் சீட்டில் எழுதாமல் விட்ட மாத்திரைகளுக்கும் சேர்த்துத்தான் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.