சிறையில் தமிழான வாழ்வியல் நூல்

உடலை நலமுற வைத்துக்கொள்ளவும், உள்ளத்தை ஒழுங்குபடுத்தவும், தாழ்ந்த நிலையிலிருந்து தன் முயற்சியால் உயரவும் வழி கூறும் நூல்கள் இன்று புத்தகக் கடைகளில் தனி அடுக்குகளை நிறைத்து நிற்கின்றன. இவற்றை மேல்நாட்டு வாணிகச் சரக்கு எனத் தமிழாசிரியர் சிலர் ஒதுக்குவதுண்டு. ஆயினும், இவ்வகை நூல் தமிழுக்கு வந்த வரலாற்றை நோக்கின் வியப்பே மிஞ்சும். அதனைத் தமிழுக்குக் கொணர்ந்தோருள் முன்னவராக நிற்பவர், அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பெற்றுச் சிறையில் வருந்திய வ. உ. சிதம்பரம் பிள்ளை ஆவார்.

காலரா மனையில் எழுந்த குரல்

இவ்வகை நூல்களின் பிறப்பிடம் ஆங்கில நாட்டின் தொழில் நகரங்களாம். லீட்ஸ் நகரில் ஏழை இளைஞர் இருவர் மூவர் குளிர்கால மாலைகளில் கூடித் தமக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் கற்பித்து வந்தனர். கூட்டம் பெருகவே, முன்னர்க் காலரா நோயாளிகளுக்கெனத் தற்காலிக மருத்துவ மனையாக விளங்கிய ஓர் அறையை வாடகைக்கு அமர்த்தினர். அவர்கள் வேண்டுகோளுக்கிணங்கி, 1845-இல் அங்கே சொற்பொழிவாற்றியவர் சாமுவேல் சுமைல்ஸ். ஸ்காட்லாந்தில் பிறந்து மருத்துவம் பயின்றவர் அவர். அச்சொற்பொழிவுகளே விரிந்து, ‘தன்னுதவி’ எனப் பொருள்படும் தலைப்போடு 1859-இல் நூலாக வெளிப்போந்தன.

எளிய குடியிற் பிறந்து உழைப்பால் உயர்ந்த பொறியியலாளர், குயவர், நெசவாளர் ஆகியோர் வரலாறுகளை அந்நூல் எடுத்துரைத்தது. முதல் ஆண்டிலேயே இருபதாயிரம் படிகள் விற்பனையாயின. 1871-இல் நாக்கமுரா மசனாவோ அதனை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். மேய்ஜி காலத்து ஜப்பானிய இளைஞர்க்கு அது கையேடு போல் ஆயிற்று. எனினும், தலைப்பைக் கண்டு அந்நூல் தன்னலத்தைப் போற்றுவதென மக்கள் பிழைபடக் கருதுகின்றனர் என்று 1866-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் சுமைல்ஸ் வருந்த நேர்ந்தது. ஒருவன் தானே உயர்வது போதுமா என்னும் வினா, இவ்வகை நூல்களோடு உடன்பிறந்தது என்பது இதனாற் புலனாகும்.

ஆலனின் சிறு நூல்

சுமைல்ஸ் உழைக்கும் கையைப் பாடினார். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஆலன் எண்ணும் மனத்தை நோக்கினார். 1864-இல் லெஸ்டர் நகரில் பிறந்த ஆலனின் தந்தை, பிழைப்பு நாடி அமெரிக்கா சென்று அங்கேயே உயிரிழந்தார். பதினைந்தாம் வயதில் பள்ளியை விட்டுக் குடும்பம் காக்க வேலைக்குச் சென்ற அச்சிறுவர், பின்னாளில் கடற்கரை ஊராகிய இல்பிராகோம்பில் எளிய வாழ்வு மேற்கொண்டு நூல்கள் இயற்றினார். 1903-இல் வெளிவந்த அவருடைய சிறு நூல் ஏழே இயல்களைக் கொண்டது. எண்ணம் ஒழுக்கத்தை உருவாக்குவது பற்றி ஓர் இயல். சூழ்நிலையை உருவாக்குவது பற்றி ஓர் இயல். உடல் நலத்தையும் நோயையும் உண்டாக்குவது பற்றி ஓர் இயல். மனம் ஒரு தோட்டம்; பேணினாற் பயிர் விளையும், பேணாவிடிற் களை மண்டும் என்பது அந்நூலின் உட்கருத்து.

செக்கடியில் நின்ற வழக்கறிஞர்

1872-இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, தூத்துக்குடியில் வழக்கறிஞராக விளங்கிய சிதம்பரம் பிள்ளை, 1906-இல் சுதேசிக் கப்பல் கழகத்தை நிறுவினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல்கள் ஓடின. 1908-இன் தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தத்திற்குத் துணை நின்றார். அவ்வாண்டு மார்ச்சில் கைதானார். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்கும் செக்கினை அவர் இழுக்க நேர்ந்ததைத் தமிழுலகம் அறியும்.

அச்சிறை வாழ்வின் இடையேதான் ஆலனின் நூல் தமிழ் வடிவம் பெற்றது. ‘மனம்போல வாழ்வு’ 1909-இல் வெளிவந்தது. ‘அகமே புறம்’ 1914-இலும், ‘வலிமைக்கு மார்க்கம்’ 1916-இலும், ‘சாந்திக்கு மார்க்கம்’ 1934-இலும் தொடர்ந்தன. ஓர் ஆசிரியரின் நூல்களை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுக் காலம் விடாது பற்றி நின்ற மொழிபெயர்ப்பாளர் தமிழில் அரியர். ஆலன் 1912 ஜனவரியில் மறைந்தார். அவர் நூலைத் தமிழாக்கியவர் அதே ஆண்டு டிசம்பரில் விடுதலை பெற்றார்.

தலைப்பில் விளங்கும் தமிழ்

மொழிபெயர்ப்புத் திறத்திற்குத் தலைப்புகளே சான்று பகரும். மனிதன் எண்ணுகிறவாறே ஆகிறான் என்னும் விவிலியத் தொடரிலிருந்து ஆலன் தம் தலைப்பை எடுத்தார். சிதம்பரம் பிள்ளை அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. ‘மனம்போல வாழ்வு’ என்று நாட்டுப்புறத்து மூதாட்டியும் வாழ்த்தாகக் கூறும் மரபுத்தொடரைக் கண்டெடுத்தார். படிப்பவர்க்கு அது புதிய செய்தியாகத் தோன்றாது. பழகிய வாழ்த்தின் விளக்கமாகவே தோன்றும்.

இரண்டாம் நூலின் தலைப்பு இன்னும் நுண்ணியது. உள்ளத்திலிருந்து வெளியே என்னும் பொருளுடைய ஆங்கிலத் தலைப்பு, ‘அகமே புறம்’ ஆயிற்று. அகம், புறம் என்பன தமிழிலக்கணம் வாழ்வைப் பகுத்த இரு பெரும் பிரிவுகள். அகத்தைக் காதலுக்கும் புறத்தைப் போருக்கும் கொடைக்கும் உரியனவாகக் கொண்டது பழைய மரபு. இங்கோ, அகம் உள்ளமாகவும் புறம் வாழ்க்கையாகவும் நின்று, ஓர் ஏகாரத்தால் ஒன்றுபட்டன. மாணவர்க்கு மொழிபெயர்ப்புக் கற்பிக்கும் ஆசிரியர் எடுத்துக்காட்டத் தக்க இடம் இது.

எழும் வினா

சூழ்நிலை மனத்தின் விளைவே எனின், செக்கிழுத்த மனிதர் தம் மனத்தினாலோ செக்கிழுத்தார்? அவரைச் சிறையிட்டது அயலார் ஆட்சி. அவர் சிறையிலிருந்தபோதே கப்பல் கழகம் சிதைந்தது. விடுதலைக்குப் பின் வழக்கறிஞர் தொழில் செய்ய உரிமையின்றிச் சென்னையில் வறுமையுற்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர் திரட்டிக் காந்தியடிகள் வழியாக அனுப்பிய 347 ரூபாய் 12 அணாவைப் பெறுவதற்குக் கூடக் கடிதத்தின்மேற் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் அவ்வுரிமை மீண்டது. நன்றி மறவாத அவர் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். இத்துணைத் துன்பத்தையும் மனத்தின் குறையென்று கூறுவார் உளரேல், அவர் வரலாறு அறியாதவரே.

ஏழையின் ஏழ்மைக்கு ஏழையே பொறுப்பு என்று கூறிவிடும் இடர், தன்முன்னேற்ற நூல்கள் பலவற்றில் மறைந்து கிடக்கிறது. இதற்குச் சிதம்பரம் பிள்ளை நேரே மறுப்பு எழுதவில்லை. வேறொரு நூலை எழுதினார்.

மெய்யறம் காட்டும் விடை

1914-இல் வெளிவந்த ‘மெய்யறம்’ அவருடைய சொந்த நூல். திருக்குறளின் வழிநின்று, மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணரியல், மெய்யியல் என ஐந்து பகுதிகளில் 125 அதிகாரங்களாக அமைந்தது அது. உடம்பை வளர்த்தல் மாணவரின் கடமைகளுள் ஒன்றாக அதில் இடம்பெறுகிறது. உடல் நலம் பேணாதவன் கல்வியும் பேணான் என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும் கருத்து.

அந்நூலின் அளவுகளைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். மாணவர்க்கு 30 அதிகாரம்; இல்வாழ்வார்க்கு 30; அந்தணர்க்கு 10; மெய்யுணர்வுக்கு 5. எஞ்சிய 50 அதிகாரங்களும் அரசியலுக்கு உரியன. ஆலனின் ஏழு இயல்களில் அரசுக்கென ஓர் இயலும் இல்லை; அவரை மொழிபெயர்த்தவரின் நூலிலோ அரசே மிகப் பெரும்பகுதி. தனி மனிதன் தன்னைத் திருத்திக்கொள்வது தொடக்கம். அவன் வாழும் நாட்டின் அரசு செம்மையுறாவிடில் அத்திருத்தம் முழுப்பயன் தராது. ஆலனிடம் கற்றதையும் சிறையிற் பட்டதையும் சேர்த்து அவர் கண்ட முடிவு இதுவே எனலாம். திருவள்ளுவரும் ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, மருந்து ஆகிய அதிகாரங்களையெல்லாம் பொருட்பாலில், அரசும் அமைச்சும் பேசப்படும் பகுதியிலேயே வைத்தார் என்பது ஈண்டு நினையத்தக்கது.

எனின், ‘மனம்போல வாழ்வு’ பொய்த்ததோ? பொய்க்கவில்லை. ஆட்சியாளர் அவருடைய தொழிலையும் பொருளையும் கப்பலையும் பறித்தனர். எண்ணும் உரிமையைப் பறிக்க இயலவில்லை. பகலில் செக்கடியில் நின்றவர் நூலைத் தமிழாக்கினார் என்பதே அந்நூலுக்கு வாய்த்த சிறந்த உரை. 1936-இல் அவர் மறைந்தார். அவர் வாழ்வு செல்வத்தால் உயரவில்லை; ஆயினும் தாழ்வுறவும் இல்லை.

தன்முன்னேற்ற நூலொன்றை மாணவர் கையில் வைக்கும் ஆசிரியர், இவ்வரலாற்றையும் உடன் கூறுதல் நன்று. உன் முயற்சியால் இயல்வது இது என்று நூல் கூறட்டும். பலர் கூடி முயன்றாலன்றி இயலாதது இது என்று வரலாறு கூறட்டும். இரண்டையும் கேட்டு வளரும் மாணவன் தன் தோல்விக்குப் பிறரை நோவான் அல்லன். பிறர் வறுமையைக் கண்டு இகழ்வானும் அல்லன்.