முப்பத்தொன்பது பிறந்த கதை

மக்களவைத் தேர்தல் நெருங்கினால் மேடைக்கு மேடை கேட்கிற கோஷம் "நாற்பதும் நமதே". அதில் ஒன்று புதுச்சேரியுடையது. மீதி முப்பத்தொன்பதும் தமிழ்நாட்டுக்கு என்றைக்கும் உள்ளவை என்றே பலரும் நினைத்திருக்கிறோம். அந்த எண்ணுக்கும் பிறந்த வருஷம் உண்டு. 1967இல் பிறந்தது. பிறந்தபோதே இரண்டைப் பறிகொடுத்துவிட்டுத்தான் பிறந்தது.

1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாநிலத்துக்கு 75 எம்.பி.க்கள். ஆந்திரமும் மலபாரும் தென் கன்னடமும் அப்போது நம்மோடு இருந்தன. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1956இல் மலபார் கேரளத்துக்கும் தென் கன்னடம் மைசூருக்கும் போக, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இங்கே வந்து சேர்ந்தன. அந்தப் புதிய எல்லைக்குள் 1957இலும் 1962இலும் 41 எம்.பி.க்களைத் தேர்ந்தெடுத்தோம்.

மக்கள்தொகைக் கணக்கு ஒவ்வொரு முறை முடிந்ததும் மாநிலங்களுக்கு இடங்களைத் திரும்பப் பங்கிட வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 82ஆவது பிரிவு. எந்த மாநிலமானாலும் ஓர் எம்.பி.க்கு இத்தனை பேர் என்ற விகிதம் கூடுமானவரை ஒன்றாக இருக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1961 கணக்கு வந்தபோது அந்த நியாயம் நம் பக்கம் திரும்பியது. பத்து வருஷத்தில் நாட்டின் மக்கள்தொகை 21 சதவீதத்துக்கு மேல் பெருகியிருந்தது. சென்னை மாநிலத்தின் பெருக்கமோ 12 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. சுமார் 3 கோடியாக இருந்த நாம் 3 கோடியே 37 லட்சம் ஆகியிருந்தோம். ஆள் கூடியது, நாற்காலி குறைந்தது. புதிய வரையறைப்படி நடந்த 1967 தேர்தலில் நமக்கு 39 இடங்கள்தாம். அந்தத் தேர்தல்தான் காங்கிரஸை வீழ்த்தி அண்ணாவைக் கோட்டைக்கு அனுப்பியது. மக்களவையில் தி.மு.க. மட்டும் 25 இடங்களைப் பிடித்தது. அவ்வளவு பெரிய அலையில், போன இரண்டு இடங்களை நினைத்து யார் அழுதிருக்கப் போகிறார்கள்?

இந்தக் கதையில் என்னை விட்டு அகலாத மனிதர் ஆர்.ஏ. கோபாலசாமி. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆணையர் அவர்தான். நாடு முழுவதையும் தலை தலையாக எண்ணிப் பார்த்தவருக்கு, இந்தப் பெருக்கத்துக்குச் சோறு எங்கிருந்து வரும் என்ற கவலை பிடித்துக்கொண்டது. பிறகு அவர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராக வந்தார். 1950களின் பிற்பகுதியில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையை இங்கே முடுக்கிவிட்டார். செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுக்கும் திட்டமும் அவர் காலத்தில் வந்ததுதான். நாட்டிலேயே இதில் முந்திக்கொண்ட மாநிலம் நம்முடையது.

குடும்பக் கட்டுப்பாடு செய்ததால்தான் 1967இல் இரண்டு இடங்கள் போயின என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். காலக்கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1961இல் தலைகளை எண்ணும்போது அந்தத் திட்டம் தவழும் பருவத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சுக்குள் இருக்கும் பயம் உண்மையானது. குழந்தைகளைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் அரசும், தலைக்கணக்குப் பார்த்து இடம் கொடுக்கும் அரசும் ஒன்றேதானே. சொன்ன பேச்சைக் கேட்டவன் பந்தியில் பின்னுக்குத் தள்ளப்படுவான் என்றால் அது அநீதி.

தில்லிக்கும் இது உறைத்தது, நெருக்கடி நிலைக் காலத்தில். 1976 ஏப்ரலில் அமைச்சர் கரண் சிங் வெளியிட்ட தேசிய மக்கள்தொகைக் கொள்கை, 1971 கணக்கின்படி அமைந்த பங்கீட்டை 2001 வரை அப்படியே வைத்திருக்கச் சொன்னது. அதே ஆண்டு வந்த 42ஆவது திருத்தம் அதைச் சட்டமாக்கியது. 1971 கணக்கிலும் நம் எண்ணிக்கை 39ஆகவே நின்றிருந்ததால், 39 உறைந்தது. அப்போது நமக்காகப் பேச இங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு இல்லை. அந்த ஜனவரி 31ஆம் தேதியே கருணாநிதி அரசைக் கலைத்திருந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர்களைச் சிறையில் வைத்துக்கொண்டு நிறைவேற்றிய திருத்தம் அது. அதில் இருந்த பலவற்றைப் பின்னால் வந்த நாடாளுமன்றம் தூக்கி எறிந்தது. இந்த ஒன்று தங்கியது. 2001இல் வந்த 84ஆவது திருத்தம் அதை, 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது.

போன இரண்டு இடங்களை நினைத்து நீதிமன்றம் பேச 2021 ஆக வேண்டியிருந்தது. தென்காசி தனித் தொகுதி பற்றிய வழக்கு ஒன்றில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு கணக்குப் போட்டது. 1967 முதல் 14 தேர்தல்கள், தேர்தலுக்கு இரண்டு பேராக 28 எம்.பி.க்கள், ஒருவருக்கு 200 கோடி ரூபாய் வீதம் 5,600 கோடி. இதை ஏன் இழப்பீடாகத் தரக்கூடாது என்று நீதிபதிகள் கேட்டார்கள். ரூபாயில் போட்ட கணக்கு எனக்கு ஒட்டவில்லை. 1999இல் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்ததையும் அவர்கள் நினைவுபடுத்தினார்கள். அது ஒட்டியது.

எண் உறைந்தாலும் கோடுகள் உறையவில்லை. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, 39ஐத் தொடாமல், உள்ளே இருந்த எல்லைகளை அழித்து எழுதியது. 2008இல் ஆணை வந்தது. ராசிபுரம், திருச்செங்கோடு, பழனி, சிவகாசி, பெரியகுளம் எல்லாம் மக்களவைப் பட்டியலிலிருந்து போயின. நாமக்கல், ஈரோடு, விருதுநகர், தேனி வந்தன. பெரும்பாலான ஊர்களில் பெயர் மாறி, பாதித் தொகுதியாவது பழைய உறவோடு நின்றது. புதுக்கோட்டைக்கு அதுவும் கிடைக்கவில்லை. தனி சமஸ்தானமாக இருந்து 1948இல் இந்தியாவோடு இணைந்த மண், 2004 வரை தன் பெயரிலேயே ஓர் எம்.பி.யை அனுப்பிய மண், நாலாகப் பிரிந்தது. வழக்குப் போட்டுத் தடுக்கவும் வழியில்லை, தொகுதி வரையறைக்கு நீதிமன்றக் கதவை 329ஆவது பிரிவு சாத்தி வைத்திருந்தது.

புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசில் ஒரு திங்கட்கிழமை, மனு நாளில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் விராலிமலைக்காரர். பின்னால் அறந்தாங்கிப் பக்கத்து அம்மா ஒருவர், கையில் நிலப் பட்டா மனு.

"எம்.பி.கிட்ட ஒரு லெட்டர் வாங்கியாந்திருக்கலாம்ல ஆத்தா" என்றார் பெரியவர்.

"எங்களுக்கு ராமநாதபுரம் எம்.பி.ல்ல அய்யா. நான் எங்கிட்டுப் போயி அவரப் பாக்க? ஒங்களுக்கு யாரு?"

"எங்களுக்குக் கரூரு."

வரிசையில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள். கந்தர்வகோட்டைக்கும் புதுக்கோட்டை டவுனுக்கும் திருச்சி. திருமயத்துக்கும் ஆலங்குடிக்கும் சிவகங்கை. ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர், ஒரே வரிசை. சொல்லி முடிக்கும்போது நாலு எம்.பி. ஆகியிருந்தது. அந்த அம்மா மனுவை மடித்து முந்தானையில் செருகிக்கொண்டு, "அப்ப நம்மளுக்குன்னு யாருமில்ல" என்றார். ஜன்னல் திறந்தது. வரிசை ஓரடி நகர்ந்தது.