அகஸ்டஸின் மகள் செய்த குற்றம் என்ன?

ரோம் பற்றிக் குறிப்பெடுக்கும்போது கி.மு. 2-ஆம் ஆண்டில் வந்து நின்றுவிட்டேன். அந்த வருஷம் பிப்ரவரியில்தான் அகஸ்டஸுக்கு 'தேசத் தந்தை' பட்டம் கிடைக்கிறது. அதே வருஷம் தன் ஒரே மகள் ஜூலியாவைப் பண்டடேரியா என்ற குட்டித் தீவுக்கு நாடு கடத்துகிறார். குற்றம்: கள்ள உறவு. அதற்கான தண்டனைச் சட்டத்தைக் கி.மு. 18-ல் கொண்டு வந்ததும் அவரேதான்.

ஆனா, ஜூலியாவுக்கு நடந்த கல்யாணங்களைப் பாருங்க. பதினாலு வயசில் அத்தை மகன் மார்செல்லஸ். அவன் ரெண்டே வருஷத்தில் செத்ததும், அப்பா வயசுக்காரரான தளபதி அக்ரிப்பா, ஐந்து பிள்ளைகள். அவரும் போனபிறகு திபேரியஸ். அவரோ ஆசை மனைவி விப்சானியாவைப் பிரிந்து, வேண்டாவெறுப்பாகத் தாலி கட்டாத குறையாக வந்தவர். கி.மு. 6-ல் ஜூலியாவை விட்டுவிட்டு ரோட்ஸ் தீவுக்கே போய்விட்டார். மூன்றுமே வாரிசுக் கணக்கு. அவளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இப்போ தண்டனைப் பட்டியலுக்கு வருவோம். ஜூலியாவோடு சேர்த்துப் பேசப்பட்ட ஆண்களில் செம்ப்ரோனியஸ் கிராக்கஸ் போன்றவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். இயுல்லஸ் அந்தோனியஸோ உயிரையே இழந்தான். மரண தண்டனை என்கிறார் டியோ, தற்கொலை என்கிறார் வெல்லேயஸ். யார் இந்த இயுல்லஸ்? ஆக்டியம் போரில் அகஸ்டஸிடம் தோற்ற மார்க் ஆண்டனியின் மகன்!

இங்கதான் எனக்குச் சந்தேகம் தட்டுது. அவன் ஆட்சியைக் குறிவைத்தான் என்று டியோவே எழுதுகிறார். அப்பாவைக் கொல்லவே சதி நடந்தது என்கிறார் பிளினி. அகஸ்டஸ் தன் சட்டத்தையும் மீறித் தண்டித்தார் என்பது டாசிட்டஸின் குறை. ஒழுக்கக்கேடு முழுப்பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "மகள் கெட்டுப்போனாள்" என்று செனட்டில் அறிவிப்பது, "என் வீட்டுக்குள்ளேயே எனக்கு எதிரி" என்று ஒத்துக்கொள்வதைவிடச் சுலபம்.

தீவில் ஜூலியாவுக்கு மது கிடையாது. அனுமதியில்லாமல் ஆண்கள் யாரும் பார்க்க முடியாது. ஐந்து வருஷம் கழித்து ரெஜியம் நகருக்கு மாற்றினார்கள். மக்கள் கெஞ்சியும் ரோமுக்கு அழைக்கவில்லை. கி.பி. 14-ல் அப்பா இறந்த சில மாதங்களில் அவளும் இறந்தாள். குடும்பக் கல்லறையிலும் இடமில்லை.

தீவுக்குத் தானாக முன்வந்து கூடப் போனது ஒரே ஒருத்தி: அம்மா ஸ்கிரிபோனியா. ஜூலியா பிறந்த அன்றைக்கே அகஸ்டஸ் விவாகரத்து செய்து அனுப்பியவள்.